என்ஜிடெகா அகுன்யிலி கிராஸ்பி: சுவரிலும் தரையிலும் இறங்கியிருக்கும் அந்தப் புகைப்படங்கள்

கரிக்கோல் எழுதியது:

ஓவியர் என்ஜிடெகா அகுன்யிலி கிராஸ்பியின் வேலைகளைப் பற்றி இங்கே அவ்வப்போது ஒரு வரி, இரண்டு வரி வந்துபோகிறது. தனி இழையாகவே பேசிவிடலாம்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: 1983-ல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்தவர், இக்போ இனத்தவர். அம்மாவுக்கு அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலில் பெயர் விழ, 1999-ல் பதினாறு வயதில் அங்கே போனார். ஸ்வார்த்மோர் கல்லூரியில் உயிரியலும் ஓவியமும், பிறகு பென்சில்வேனியா நுண்கலை அகாடமி, 2011-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை, அதையடுத்து நியூயார்க்கின் ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியத்தில் தங்கிப் பணி. இப்போது இருப்பது லாஸ் ஏஞ்சலஸ். 2016-ல் தாள்மேல் செய்யும் கலைக்கான கான்சன் பரிசு, 2017-ல் மெக்கார்தர் ஃபெலோஷிப். அம்மா டோரா அகுன்யிலி போலி மருந்துகளை எதிர்த்துப் பெயர் பெற்ற மருந்தியலாளர், பின்னாளில் அமைச்சர், 2014-ல் காலமானார். அவர் முகம் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருவதால் இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

பெரும்பாலும் தாள் மேல்தான் வேலை. பெரிய படங்கள் இரண்டு மீட்டரைத் தாண்டும். ஒரு வரவேற்பறை, ஒரு கட்டில், ஒரு சாப்பாட்டு மேசை, நம்மைப் பார்க்காத மனிதர்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அமைதியான வீட்டுக் காட்சி. கிட்டே போனால் சுவர், தரை, உடை, சில இடங்களில் தோல்கூட, நைஜீரியப் பத்திரிகைப் படங்கள், பாடகர்கள், ராணுவ ஆட்சியாளர்கள், குடும்பக் கல்யாணங்கள், விளம்பரங்கள் என்று நிரம்பிக் கிடக்கிறது. பலரும் ‘கொலாஜ்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. ஒட்டின படத்துக்கு விளிம்பு இருக்கும், மேலே எழும்பி நிற்கும். இவர் ஒட்டுவதும் உண்டு. ஆனால் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபர், அதாவது படம் தாளுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. என்னைக் கேட்டால் இவருடைய ஓவியத்தின் பொருளே அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. வேலைமுறை தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

அச்சுமை எழுதியது:

கரைப்பான் டிரான்ஸ்ஃபர் புதிதல்ல. அமெரிக்க ஓவியர் ரௌஷன்பெர்க் 1950-களின் இறுதியிலேயே பத்திரிகைப் படங்களில் லைட்டர் திரவம் தடவித் தாளுக்கு மாற்றியிருக்கிறார். இவர் பயன்படுத்துவது அசிட்டோன். லேசர் பிரிண்டிலும் ஜெராக்ஸிலும் இருக்கும் டோனர் மை கிடையாது, நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகித் தாளில் ஒட்டியிருக்கிறது. அசிட்டோன் பட்டதும் இளகுகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள் அழுத்தினால் புதுத்தாளுக்குப் போய்விடும். இங்க்ஜெட் பிரிண்ட்டில் இந்தப் பிளாஸ்டிக் இல்லை, அதனால் எத்தனை தேய்த்தாலும் வராது. கடையில் ‘கலர் பிரிண்ட்’ என்று மட்டும் சொன்னால் இங்க்ஜெட்டில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ‘லேசர்’ என்று சொல்லி வாங்குங்கள்.

தாள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், பருத்திக்கூழ், வழவழப்பான ஹாட் பிரெஸ். சொரசொரப்பான கோல்ட் பிரெஸ் தாளில் மேடுகளில் மட்டும் டோனர் ஏறி, பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிடும். சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் அழுத்தித் தேய்க்கும்போது மேல்தோல் உரிந்துபோகும்.

செய்முறை: படத்தை இடவலம் திருப்பி, கான்ட்ராஸ்டைச் சற்றுக் கூட்டிப் பிரிண்ட் எடுங்கள். டிரான்ஸ்ஃபரில் நடுத்தர சாம்பல் நிறங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன, அதனால் இந்தக் கூட்டல் அவசியம். பிரிண்ட் எடுத்த அன்றே வேலையை முடிப்பது நல்லது. முகம் கீழே இருக்கும்படி வைத்து ஒரு பக்கத்தில் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அது கீல் மாதிரி, தூக்கிப் பார்த்துத் திரும்ப அதே இடத்தில் படுக்க வைக்கலாம். வெள்ளைப் பருத்தித் துணியை உருட்டி அசிட்டோனில் நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, பின்பக்கம் ஒரே இழுப்பு. உள்ளங்கை அளவு பரப்புக்கு இரண்டு மூன்று மில்லி தாராளம். தாள் கண்ணாடிபோல் ஆகி உள்ளே இருக்கும் படம் தெரியும். அப்போதே எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஒரே திசையில் அழுத்தித் தேயுங்கள். ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் மறுபடி படுக்க வைத்து இன்னொரு இழுப்பு.

சொதப்புவது பெரும்பாலும் அளவில்தான். அசிட்டோன் அதிகமானால் டோனர் ஓடி, முகங்கள் கலங்கிவிடும். சில சமயம் பிரிண்ட்டே அடித்தாளோடு ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும். குறைந்தால் திட்டுத் திட்டாக வரும். ஒரு முழுத் தாளை ஒரே மூச்சில் நனைக்கப் போனால், இந்தக் கோடியைத் தேய்ப்பதற்குள் அந்தக் கோடி காய்ந்திருக்கும். மின்விசிறி ஓடினால் இன்னும் மோசம். மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. அசிட்டோன் ஆவியாகும்போது தாள் குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கிறது. தண்ணீர் சேர்ந்த அசிட்டோன் டோனரை ஒழுங்காகக் கரைக்காது, சாம்பல் படிந்த மாதிரி ஒரு மங்கல் வரும். வெயில் ஏறின பிறகு ஆரம்பியுங்கள். பாட்டிலைத் திறந்து போடாதீர்கள்.

வெண்தாள் எழுதியது:

அருமையான விளக்கம் சார். இரண்டு சந்தேகம். நெயில் பாலிஷ் ரிமூவர் போதுமா? கையுறை எது?

அச்சுமை எழுதியது:

ரிமூவர் வேண்டாம். பலவற்றில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் சேர்ந்திருக்கும், சிலவற்றில் அசிட்டோனே இருக்காது. எண்ணெய் தாளில் கறையாக நின்று, பின்னால் வண்ணத்தை ஏற்காது. ரசாயனக் கடையில் சுத்த அசிட்டோன் கேளுங்கள்.

மெல்லிய நீல நைட்ரைல் கையுறை அசிட்டோனுக்குத் தாங்காது, சில நிமிடங்களில் உப்பிவிடும். பியூட்டைல் ரப்பர்தான் சரியான கையுறை. அது கிடைக்கவில்லை என்றால் துணியை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, கை நனையாமல் வேலை செய்யுங்கள். ஜன்னல், கதவு இரண்டும் திறந்திருக்கட்டும். சீலிங் ஃபேனை விட எக்ஸாஸ்ட் ஃபேன் மேல், ஆனால் அதன் சுவிட்சும் மோட்டாரும் ஆவிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. முன்கூட்டியே போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அசிட்டோன் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கக் கூடியது. அதே அறையில் விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எதுவும் கூடாது. நனைந்த துணியைக் குப்பைக்கூடையில் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

செம்பருத்தி எழுதியது:

கரண்டி, துணி எல்லாம் சரி. ஆனால் இந்த முறையை யார் வேண்டுமானாலும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். அவர் படம் அதனால் மட்டும் நிற்கவில்லை. ‘சூப்பர் புளூ ஓமோ’ (2016) ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் சோபாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். தொலைக்காட்சிப் பெட்டியில் ஓமோ சலவைத்தூள் விளம்பரம். 1980-களில் நைஜீரியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த விளம்பரம் தெரியும். அமெரிக்காவில் பார்க்கிறவருக்கு அது வெறும் நீலப் பெட்டி. ஒரே படம் இரண்டு கூட்டத்துக்கு இரண்டு விதமாகத் திறக்கிறது, அவர் யாருக்கும் அடிக்குறிப்பு போடுவதில்லை. அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

‘ன்வான்டின்டி’ (2012) இன்னொன்று. கட்டிலில் ஒரு பெண், அவள் மடியில் ஒரு ஆண் தலை சாய்த்திருக்கிறான். அவர் கணவர் வெள்ளை அமெரிக்கர், ஆரம்ப கால ஓவியங்களில் இருவருமே வருகிறார்கள். கலப்பு மணத்தை விளக்கப் போகிறேன் என்று எந்த அறிவிப்பும் இல்லை. இரண்டு பேர், ஒரு அறை, அவ்வளவுதான். ஊர், குடும்பம், அரசியல், சினிமா எல்லாம் பின்னால் சுவரில் நெரிசலாக நிற்கிறது. அடையாளத்தை எடுத்துச் சொல்லும் ஓவியங்கள் உலகில் நிறைய. ஒரு மனிதரை அவருடைய அடையாளத்துக்கு நடுவே சும்மா உட்கார வைக்கிற ஓவியங்கள் மிகக் குறைவு.

கரிக்கோல் எழுதியது:

செம்பருத்தி, நீங்கள் சொல்வதும் அச்சுமை சொல்வதும் ஒரே விஷயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த நெரிசலை அவர் கையால் வரைந்திருக்கலாமே? வரைந்திருந்தால் எல்லாமே அவர் நினைவிலிருந்து வந்ததாக ஆகியிருக்கும். புகைப்படம் என்பதால் ‘இது உண்மையில் நடந்தது, இந்த முகம் இருந்தது’ என்ற சாட்சியம் சேர்கிறது. டிரான்ஸ்ஃபர் என்பதால் அந்தச் சாட்சியமும் முழுதாக இல்லை. கரண்டி போன தடம் கோடு கோடாகத் தெரிகிறது. ஒரு முகத்தில் நெற்றி இருக்கிறது, கன்னம் விட்டுப்போயிருக்கிறது. ஒரு கல்யாணப் படத்தில் மாலை பளிச்சென்று, மணமகள் மங்கலாக. ஊரை விட்டு வந்தவர்களின் ஞாபகம் இப்படித்தான் இருக்கும். அந்த விட்டுப்போன கன்னத்தைக் கையால் திருத்தி நிரப்பியிருந்தால் படம் கெட்டிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள்: டிரான்ஸ்ஃபர் உள்ள பகுதிக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டையான வண்ணப் பரப்பு இருக்கும். சோபா முழுக்க ஒரே பச்சை, அல்லது கதவு முழுக்க ஒரே கருநீலம். கண் இளைப்பாற இடம் வேண்டும். பயிற்சி செய்கிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கையில் நூறு படம் இருக்கிறதே என்று எல்லா இடத்திலும் இறக்கிவிடுகிறார்கள், மூன்று மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் குவியல். முதலில் பென்சிலில் அறையை வரையுங்கள், எந்த உருவத்துக்குள் டிரான்ஸ்ஃபர் என்று தீர்மானியுங்கள், அதைப் பாதிப் பரப்புக்குள் நிறுத்துங்கள். இது என் கணக்கு, அவர் சொன்னதல்ல.

நூற்பாவு எழுதியது:

அந்தப் பரப்புகளில் துணி எவ்வளவு இருக்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் குடும்ப விசேஷத்துக்கு எல்லோரும் ஒரே துணியில் உடுத்துவதை ‘அசோ எபி’ என்பார்கள். 2017-ல் வரைந்த ‘ட்வெல்: அசோ எபி’ பெயரிலேயே அது வருகிறது, அம்மாவின் முகம் அச்சான நினைவுத் துணியும் அதில் உண்டு. அரசியல்வாதிக்கும், இறந்தவருக்கும், திருமணத்துக்கும் முகம் அச்சிட்ட துணி எடுத்து உடுத்துவது அங்கே வழக்கம். ஆக, அவர் புகைப்படத்தைச் சுவர்த்தாளாக நிரப்புவது எங்கிருந்தோ வந்த யுக்தி இல்லை, அவர் ஊர்த் துணிக்கடையிலேயே இருப்பது.

‘ஆப்பிரிக்கத் துணி’ என்று நாம் நினைக்கும் மெழுகு அச்சுத் துணியும் நேராக அங்கே பிறந்ததில்லை. ஜாவாவில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியைப் பார்த்து ஐரோப்பாவில் இயந்திரத்தில் போட்டார்கள். 1846-ல் தொடங்கிய நெதர்லாந்தின் விளிஸ்கோ ஆலை இன்றும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறது. அந்த மக்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்து, பெயர் வைத்து, தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். நம் பக்கமும் இதில் வருகிறது. இக்போ பெண்கள் இடுப்பில் கட்டும் ‘ஜார்ஜ்’ துணி சென்னை வழியாகப் போன துணிதான். நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை வாங்கி, சில நூல்களை மட்டும் பிளேடால் அறுத்து உருவி, புது வடிவம் வரவழைப்பார்கள். இந்த ஓவியர் படங்களில் மெட்ராஸ் துணி தேட வேண்டாம். ஆனால் ஒரு துணி எத்தனை துறைமுகம் தாண்டி ஒருவருடைய ‘பாரம்பரிய உடை’ ஆகிறது என்று தெரிந்தால் அவருடைய சுவர்களை இன்னும் நன்றாகப் படிக்கலாம்.

நீலக்குடம் எழுதியது:

அசிட்டோன் ஆவிக்குப் பயந்தவர்கள் அக்ரிலிக் ஜெல் மீடியத்தில் (நிறமில்லாத கெட்டியான அக்ரிலிக் பசை) செய்யலாமே? தாளில் ஜெல் பூசி, பிரிண்ட்டை முகம் கீழாக ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, தண்ணீரில் நனைத்துப் பின்தாளை விரலால் உருட்டி எடுத்தால் படம் நிற்கும். இங்க்ஜெட் பிரிண்ட்டிலும் ஓரளவு வரும். முடிவு ஒன்றுதானே?

அச்சுமை எழுதியது:

ஒன்றில்லை. ஜெல்லில் வருவது படம் பதிந்த ஒரு பிளாஸ்டிக் தோல். சாய்ந்த வெளிச்சத்தில் பளபளப்பு தெரியும். எவ்வளவு உருட்டினாலும் மெல்லிய கூழ் மிச்சமிருந்து, காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். நனைத்தால் மறையும், மறுபடி வரும். அதன்மேல் கலர் பென்சில் வழுக்கும், கரிக்கோல் பிடிக்காது. அசிட்டோன் முறையில் தாளின் பரப்பு அப்படியே இருக்கிறது, மேலே எதுவும் ஏறும். இவர் படங்களின் பொருள் பட்டியலைப் பாருங்கள்: அக்ரிலிக், டிரான்ஸ்ஃபர், கலர் பென்சில், கரி, ஒட்டுத்தாள். இத்தனையும் ஒரே தாளில் தாங்க வேண்டுமென்றால் அடித்தாள் மூச்சு விட வேண்டும்.

ஆனால் ஜெல்லுக்கு ஒரு இடம் உண்டு. அக்ரிலிக் வண்ணமும் அசிட்டோனில் கரையும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வரைந்து முடித்த பரப்பின்மேல் அசிட்டோன் டிரான்ஸ்ஃபர் போடப் போனால் வண்ணம் இளகி, துணியோடு வந்துவிடும். அதனால் வரிசை எப்போதும் இதுதான்: வெறுந்தாளில் பென்சில் கோடு, டிரான்ஸ்ஃபர், முழுக்கக் காய விடுதல், அப்புறம் அக்ரிலிக், கடைசியாகக் கலர் பென்சிலும் கரியும். வண்ணத்துக்கு மேல் ஒரு படம் வந்தே ஆக வேண்டும் என்றால், மெல்லிய தனித்தாளில் டிரான்ஸ்ஃபர் எடுத்து, வெட்டி, பளபளப்பில்லாத அக்ரிலிக் பசையான மேட் மீடியத்தால் ஒட்டுங்கள்.

டோனரில் வெள்ளை கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். படத்தின் வெள்ளை என்பது தாளின் வெள்ளை. அடர்ந்த நிறத்தின்மேல் இறக்கினால் படம் மறைந்துபோகும். தோல் நிறத்துக்குள் முகங்கள் தெரிய வேண்டுமானால், டிரான்ஸ்ஃபர் முதலில், அதன்மேல் பழுப்பும் சிவப்பும் தண்ணீராகக் கரைத்த மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மூன்று பூச்சுக்கு மேல் போனால் உள்ளே இருப்பது அடைந்துவிடும்.

காப்பறை எழுதியது:

முடிந்த படத்தைப் பாதுகாத்து வைப்பது பற்றிச் சில வார்த்தைகள். கறுப்பு டோனரில் இருப்பது கரி, வெளிச்சத்துக்குத் தாங்கும். வண்ண டோனர் அந்த அளவுக்கு நம்பகமில்லை. அதில் ஒரு நிறம் வெளிறினால் படத்தின் மொத்த நிறமும் ஒரு பக்கம் சாயும். 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) மேல் வேண்டாம், ஜன்னல் எதிரே மாட்டவே வேண்டாம். டிரான்ஸ்ஃபர் எடுத்த படத்தை ரெக்சின் கோப்பிலோ பிவிசி உறையிலோ வைத்தால் பிளாஸ்டிக்கில் உள்ள எண்ணெய்ப்பொருள் டோனரை இளக்கி, படம் உறையின்மேல் ஒட்டிக்கொள்ளும். பழைய ஜெராக்ஸ் பிரதிகள் கோப்பில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம். இடையில் அமிலமில்லாத வழவழப்புத் தாள், வெளியே பாலியெஸ்டர் உறை. பெரிய தாளைச் சுருட்ட வேண்டியிருந்தால் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி, குறைந்தது 15 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் அக்ரிலிக் நெருங்கி மடிப்பு விழும். டேப் பசையோ கறையோ பட்டுவிட்டால் யாராவது அசிட்டோனால் துடைக்கலாம் என்று சொல்வார்கள். சொன்னால் தடுத்துவிடுங்கள், படமே போய்விடும்.

வெண்தாள் எழுதியது:

ஏலத்தில் பெரிய தொகைக்குப் போகிறதாமே, அதைப் பற்றி?

கரிக்கோல் எழுதியது:

2016 நவம்பரில் ‘ட்ரௌன்’ 11 லட்சம் டாலர், அடுத்த மார்ச்சில் லண்டனில் ‘தி பியூட்டிஃபுல் ஒன்ஸ்’ சுமார் 25 லட்சம் பவுண்டு, 2018-ல் ‘புஷ் பேபீஸ்’ 34 லட்சம் டாலர். கடைசியாகச் சொன்னது ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியத்துக்காக அவரே கொடுத்த படம். தாள்மேல் செய்த வேலைக்கு இது பெரிய தொகை, ஆனால் ஏல விலை இந்த இழைக்கு ஒன்றும் சேர்க்காது. நான் அதைவிட முக்கியமாக நினைப்பது பொது இடத்தில் வந்தவை. 2018-ல் லண்டன் பிரிக்ஸ்டன் சுரங்க ரயில் நிலையத்தின் வாசலில் வைக்கப்பட்டிருந்த ‘ரிமெய்ன், த்ரைவிங்’. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்த ‘விண்ட்ரஷ்’ தலைமுறையின் வாரிசுகள் ஒரு வீட்டு அறையில் கூடியிருக்கும் காட்சி. நைஜீரிய நினைவு அல்ல அது. ஊர் மாறினாலும் சுவரை ஆவணமாக்கும் அதே முறை இன்னொரு சமூகத்துக்கும் நிற்கிறது.

செம்பருத்தி எழுதியது:

பிரிக்ஸ்டன் உதாரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. மாணவர்கள் இந்த முறையைப் பார்த்துவிட்டு, இணையத்தில் ‘பழைய தமிழ்நாடு’ என்று தேடிக் கிடைத்ததையெல்லாம் இறக்குகிறார்கள். எம்.ஜி.ஆர்., அம்பாசடர் கார், கோயில் கோபுரம். அது யாருடைய நினைவும் இல்லை, காலண்டர். ‘மாமா, மம்மி அண்ட் மம்மா’ (2014) படத்தில் வருவது பாட்டி, அம்மா, சகோதரி, அவ்வளவுதான். மேசைமேல் உள்ள பாத்திரங்களும் ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு உரியவை. பொதுப் படம் ஒன்றுக்குக் குடும்பப் படம் நான்கு என்று வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து போய்விடும்.

வெண்தாள் எழுதியது:

எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருப்பவை ஓரம் மஞ்சளாகிப்போன சின்ன கறுப்பு வெள்ளைப் படங்கள். அதை நேரடியாக ஜெராக்ஸ் எடுக்கலாமா?

அச்சுமை எழுதியது:

ஜெராக்ஸ் வேண்டாம், 600 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணுங்கள். ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். ஒட்டியிருந்தால் பக்கத்தோடு ஸ்கேனரில் வையுங்கள், மூடி திறந்திருந்தால் மேலே கறுப்புத் துணி போடுங்கள். மஞ்சளை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, கறுப்பை ஆழப்படுத்துங்கள். கீறலைத் திருத்த வேண்டாம், டிரான்ஸ்ஃபரில் அது அழகாக வரும். 7 முதல் 10 செ.மீ. அகலத்தில் ஒரே ஏ4 தாளில் நான்கைந்து படம் அடுக்கி, இடவலம் திருப்பி, கறுப்பு லேசரில் நான்கு பிரதி எடுங்கள். இரண்டு பிரதி பழகுவதற்குப் போகும். படத்தின் பின்னால் ஊர், ஸ்டூடியோ முத்திரை, தேதி ஏதாவது இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து ஒரு டிரான்ஸ்ஃபராக எடுத்து வையுங்கள். எழுத்து உள்ளதைத் திருப்ப மறந்தால் இடவலம் மாறி வரும், அதை மட்டும் இருமுறை பார்த்துவிட்டுப் பிரிண்ட் கொடுங்கள்.